நான்காவது ஆடு

டிசம்பர் முதல் வாரத்தில் என் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். எங்கள் ஊரான கோவில்பட்டியிலிருந்து நாகலாபுரம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்க்கிறேன். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழித்துவிட்டது என்று மனு கொண்டுவந்தவரிடம், சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே செய்தியைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் விழா நாடகத்தில் உங்கள் குழந்தை 'ஆடு எண் நான்கு' ஆகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதைப் பெருமகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று இங்கிலீஷில் எழுதி, கடைசியில் மூன்று பலூன் படமும் போட்டிருந்தார்கள்.

என் மகனுக்கு நான்கு வயது. எல்.கே.ஜி. படிக்கிறான். அதாவது, காலையில் அழுதுகொண்டே பள்ளிக்கூட வேனில் ஏறி, மதியம் சிரித்துக்கொண்டே இறங்குகிறான். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கல" என்பான். கட்டணம் வாங்குகிறவர்களும் ஏறக்குறைய அதையேதான் நாற்பது பக்க வண்ணப் புத்தகமாக அச்சடித்துத் தருகிறார்கள்.

சாயங்காலம் கணவர் வந்ததும் செய்தியைக் காட்டினேன். அவர் மணியாச்சி ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் இருக்கிறார். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர். இரண்டு தடவை படித்தார்.

"ஆடா?" என்றார். பிறகு, "நாலாவது ஆடா? அப்போ மொத மூணு ஆடு யாரு?" என்றார்.

மகனோ சோபா மேல் ஏறி நின்று, "நான் ஆடு! நான் ஆடு!" என்று குதித்தான். அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவன்தான்.

மறுநாள் பெற்றோர் குழுவில் முழுப் பட்டியலும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கதையில், குழந்தையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து மூன்று ராஜாக்கள் வருவார்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக் கதையில் ஐந்து ராஜாக்கள் வந்தார்கள். ஒருவன் தீப்பெட்டி ஆலைக்காரரின் பேரன். மேடையும் பந்தலும் அவர் உபயம். ஒருவன் ஜவுளிக்கடைக்காரரின் மகன். ராஜாக்களுக்கான பட்டுத்துணி அவர் உபயம். மற்ற மூவரில் ஒரு டாக்டர் மகனும், ஒரு வக்கீல் மகனும், பள்ளிக்கூட வேன்களுக்கு டீசல் போடும் பங்க்காரரின் மகனும் இருந்தார்கள். நட்சத்திரத்தைப் பார்த்து வந்தவர்கள் போக, நன்கொடையைப் பார்த்து வந்தவர்களும் ராஜாக்கள் ஆகியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிறிஸ்தவ அம்மா இருக்கிறார்கள். மாடியில் பெரிய காகித நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். துணி உலர்த்தப் போனபோது அவர்களிடம் இந்த ஐந்து ராஜா விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் கோபப்படுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

"வேதத்துல ராஜான்னே கெடையாது பிள்ள. சாஸ்திரிமாருன்னுதான் இருக்கு. எத்தன பேருன்னும் எண்ணிச் சொல்லல. அதான் இவிய வசதிக்கு ஏத்தமாரி போட்டுக்கிட்டாவ" என்று சொல்லிவிட்டு, கணக்கு டீச்சர் தன் துணியை உதறிப் போட்டார்கள்.

எண்ணிக்கை இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வேறொன்று தோன்றியது. எண்ணிக்கையே இல்லையென்றால் ஆறாவதாக ஒரு ராஜா இருந்தால் என்ன?

இதுவரை மற்றவர்களைக் கிண்டல் செய்து எழுதிக்கொண்டு வந்த நான், அடுத்து செய்ததையும் எழுதத்தான் வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, கடம்பூர்ப் போளி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட முதல்வரைப் பார்க்கப் போனேன். முன்னறையில் இருந்த பெண் தலை நிமிராமல், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க. நாளைக்கு வாங்க" என்றாள். நாளைக்கு வாங்க என்ற அந்த இரண்டு சொற்களும் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று எட்டு வருட உத்தியோகத்தில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். போளிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு நட்சத்திரம்' என்ற வாசகத்தைப் படித்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நட்சத்திரம் என்றுதான் எழுதியிருந்தது. ஆடு என்று எழுதவில்லை.

முதல்வர் மேடம் பெட்டியைப் பார்த்த பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லா ரோலுமே இம்பார்ட்டன்ட்தான் மேடம். ஆடு இல்லாம தொழுவமே இல்ல, தெரியுமா?"

அவ்வளவு முக்கியமென்றால் தீப்பெட்டி ஆலைக்காரர் பேரனை ஆடாக்கலாமே என்று நான் நினைத்தேன். "ஆமா மேடம்" என்று சொன்னேன்.

"ராஜாவுக்கெல்லாம் டிரஸ் தச்சாச்சு. ஒண்ணு செய்யலாம். உங்க பையனுக்கு மட்டும் ஒரு டயலாக் குடுக்கேன். ராஜாங்க வரும்போது மைக்ல, 'வெல்கம் டு பெத்லஹேம்'னு சொல்லட்டும். வேற எந்த ஆட்டுக்கும் டயலாக் கெடையாது."

வேற எந்த ஆட்டுக்கும் இல்லை என்றதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டியை எடுக்கும்போதுதான், ஒரு பெட்டிப் போளிக்குப் பேசும் ஆடு வாங்கிக்கொண்டு போகிறேன் என்பது உறைத்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவரும் பெருமையாகத்தான் கேட்டார்.

சிக்கல் மகனிடமிருந்து வந்தது.

"ஆடு பேசாதும்மா" என்றான்.

"இது நாடகம்ல. நாடகத்துல பேசும்."

"பேசாது."

"இங்கிலீஷ் மட்டும் பேசும், செல்லம். ஒரே ஒரு தடவ."

"தமிழே பேசாது."

கணவர், "சொன்னா ஐஸ்கிரீம் வாங்கித் தாரேன்" என்றார். மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஐஸ்கிரீம் பெரிய விஷயம். ஆனாலும் தலையை ஆட்டி, "மே" என்றான். அதற்குப் பிறகு அன்று முழுக்க எதைக் கேட்டாலும் "மே"தான்.

அடுத்து உடை. வெள்ளை பனியன் துணியில் ஒரு அங்கி தைத்து, அதன் மேல் மருந்துக்கடைப் பஞ்சைச் சுருட்டிச் சுருட்டி ஒட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து படம் அனுப்பியிருந்தார்கள். படத்தில் இருந்த ஆடு, மேகத்தில் நான்கு கால் முளைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து நான் ஒட்டினேன். மகன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பிய்த்தான்.

"ஆட்டுக்குப் பஞ்சு கெடையாது" என்றான். "ஆடு வெள்ளையும் இல்ல."

அவன் சொன்னது எங்கள் பக்கத்துக்குச் சரிதான். இந்தக் கரிசல் காட்டில் மேய்வது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்மண் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும், காது தொங்கும், வழுவழுவென்று முடி படிந்திருக்கும், கம்பளி கிம்பளி எதுவும் கிடையாது. ஆனால் அவன் வாதத்தில் ஜெயிக்கக் கூடாதே! ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு விடுமுறை. மூன்று பேரும் ஸ்கூட்டரில் ஊருக்குக் கிழக்கே ஓடைக்கரைக்குப் போனோம். அங்கே ஒரு பெரியவர் நூறு ஆடுகளுக்கு மேல் மேய்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு ஆடாவது முழு வெள்ளையாக இருக்கும், அதைக் காட்டி வாயை அடைத்துவிடலாம் என்பது எங்கள் திட்டம்.

"அண்ணாச்சி, இதுல பஞ்சு மாரி முடி உள்ள ஆடு இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பஞ்சு பருத்திச் செடியிலல்லா மொளைக்கும்? ஆட்டுல எங்கன மொளைக்கு?"

"இல்ல, வெளிநாட்டுலல்லாம் ஆட்டுக்குப் புசுபுசுன்னு இருக்கும்."

"அங்கன குளுரு. அது போத்திக்கிட்டுத் திரியுது. இங்கன அப்படிப் போத்திவிட்டா ஒரே நாள்ல செத்துரும்."

மகன் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு எங்களை விட்டுவிட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். ஒரு மணி நேரம் அவர் காலடியிலேயே இருந்தான். ஆடு எப்படித் தலையைக் குனியும், எதற்கு முட்டும், எப்படிக் கூப்பிடும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். "என்ன திங்கும்?" என்றான். "எல்லாந் திங்கும். கடலைக்கொடின்னா உசுரக் குடுக்கும்" என்றார். இந்தக் கவனத்தில் பாதியை அவன் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் இந்நேரம் எழுத்துகள் எல்லாம் வந்திருக்கும்.

கிளம்பும்போது பெரியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்க வி.ஏ.ஓ. அம்மால்லா? எம் பேரனுக்குச் சாதிச் சான்று எழுதிக் குடுத்து ரெண்டு மாசமா உங்க ஆபீஸ்ல கெடக்கு தாயி."

"நாளைக்குப் பாக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

ஸ்கூட்டர் கொஞ்ச தூரம் போனதும், முன்னால் நின்றுகொண்டிருந்த மகன் திரும்பி, "நாளைக்குன்னா எப்பம்மா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு நாளை, நேற்று, அடுத்த வாரம் எல்லாம் அப்போது குழப்பம். ஆனாலும் கணவரின் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தச் சான்றை எடுத்து முடித்தேன். அன்றைக்கு சர்வர் நன்றாகவே வேலை செய்தது.

அந்த ஓடைக்கரைப் பாடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருந்தது. தோசையைத் தட்டில் வைத்துத் தரையில் வைக்க வேண்டும். கையால் தொடாமல் குனிந்து வாயால் கவ்வுவான். சட்னி மூக்கில் ஏறினால் தும்முவான், ஆனால் கை மட்டும் வராது. கோபம் வந்தால் பேச மாட்டான். தலையைக் குனிந்து என் முழங்காலில் முட்டுவான். வேன் டிரைவர் ஒரு நாள் காலையில் என்னிடம் முறையிட்டார்.

"அக்கா, தம்பி படியில நாலு காலாத்தான் ஏறுவேங்கான். பின்னால வார பிள்ளைகளும் அப்படியே ஏறுது. ஒரு ஸ்டாப்புல ஏறி முடியவே பத்து நிமிஷம் ஆகுது. கொஞ்சம் சொல்லுங்கக்கா."

"நான் சொன்னா கேக்கானா? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஏலே, எந்திச்சு நட!" என்றார் டிரைவர். மகன் உடனே எழுந்து இரண்டு காலில் நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பெற்றவளுக்கு இது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

இதற்கிடையில் விழாவுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வருவார் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ஆடு மீண்டும் பேசத் தொடங்கியது.

"தாத்தா எங்கன இருந்து வாராவ?"

"வடதுருவத்துல இருந்து" என்றேன்.

"பஸ்ஸா, ரயிலா?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் கணவர் செய்தித்தாளை மடக்கி வைத்துவிடுவார். "ரயிலுதான். பஸ்ஸுல வந்தா பைபாஸ்லயே எறக்கிவிட்டுட்டுப் போயிருவான். அம்புட்டுப் பெரிய மூட்டையத் தூக்கிட்டு ஊருக்குள்ள எப்படி நடப்பாவ? கப்பல்ல தூத்துக்குடி வந்து, ரயிலேறி, மணியாச்சியில எறங்கி வண்டி மாறுவாவ. நான்தான் சிக்னல் போடுவேன்."

மகன் அவரை மரியாதையாகப் பார்த்தான். ஒரு வாரமாக என் மகன் என்னை அப்படிப் பார்த்ததில்லை என்பதால், "இல்ல, மான் வண்டியில வருவாவ" என்றேன் நான். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது உளுந்து பூத்துக் காய் பிடிக்கும் நேரம். மான் மேய்ந்துவிட்டது என்று வாரத்துக்கு நான்கு மனு வருகிறது. எட்டு மான் பூட்டிய வண்டி இறங்கினால் முதலில் ஓடிப்போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவள் நான்தான்.

உடைக்கும் ஒரு சமாதானம் கண்டோம். பஞ்சை எல்லாம் அவன் பிய்த்து முடித்திருந்ததால் வெறும் வெள்ளை அங்கி மிஞ்சியது. கணவர் தன் பழுப்பு நிற ஷூ பாலீஷை எடுத்து, அங்கியில் பெரிது பெரிதாகத் திட்டுப் போட்டார். பழைய கால்சட்டையை வெட்டித் தொங்கும் காது இரண்டு தைத்தேன். மகன் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று ஒரு சத்தம் கொடுத்தான். ஓடைக்கரையில் தாய் ஆடு குட்டியைக் கூப்பிடும் அதே சத்தம், அடித்தொண்டையிலிருந்து. கணவருக்குச் சிலிர்த்துவிட்டது.

விழா அன்று பிற்பகல் மூன்று மணி. தீப்பெட்டி ஆலைக்காரரின் பந்தலில் வெயில் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ராஜாக்களின் பெற்றோர் சோபாவில் இருந்தார்கள். மாதாவையும் தேவதைகளையும் பெற்றவர்களுக்குக் குஷன் நாற்காலி. ஆடுகளின் பெற்றோரான நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில், பின்னால். பள்ளிக்கூடத்துக்கு வரும் குழந்தைகள் கடலைமிட்டாய் கொண்டுவரக் கூடாது, பல்லுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். கடலைமிட்டாய்க்கே பேர்போன கோவில்பட்டியில் இப்படி ஒரு பலகை வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வாசலில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். கெட்டியான கேக். அது எந்தத் தொண்டையிலும் சிக்காது என்று எதை வைத்து முடிவு செய்தார்களோ.

ஆடுகளை வரிசையாக நிறுத்தும்போது முதல்வர் மேடம் என் மகனைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்த ஆடு ஏன் அழுக்கா இருக்கு?"

"வேம்பூர் ஆடு" என்றான் மகன்.

மற்ற மூன்று ஆடுகளும் பஞ்சுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தன. இரண்டாவது ஆடு ஏற்கனவே அழத் தொடங்கியிருந்தது.

திரை விலகியது. மாதாவும் யோசேப்பும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தீவனத் தொட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி. அதில் பொம்மைக் குழந்தை. பொம்மைக்குக் கீழே மெத்தென்று இருக்க ஏதோ பரப்பியிருந்தார்கள். நெல் விளையாத ஊரில் வைக்கோலுக்கு எங்கே போவது என்று யாரும் யோசிக்காததால், அந்தப் பொறுப்பு கடைசியில் வேன் டிரைவர் தலையில் விழுந்திருக்கிறது. அவர் தன் வீட்டு மாட்டுக்கு வைத்திருந்த கடலைக்கொடியில் ஒரு கட்டைக் கொண்டுவந்து பரப்பிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மேடையில் இருந்த ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பார்த்தவுடனே தெரிந்திருக்கிறது.

ராஜாக்கள் ஐவரும் வந்தார்கள். கிரீடம் பெரிதாக இருந்ததால் இரண்டு ராஜாக்களுக்குக் கண் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். வகுப்பு மிஸ் மைக்கைக் கொண்டுபோய் என் மகன் வாயருகே நீட்டினார். என் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று கைப்பேசியில் படம் எடுத்தார். நான், 'வெல்கம் டு பெத்லஹேம், வெல்கம் டு பெத்லஹேம்' என்று வாயை அசைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் கூட்டத்தைப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

"ம்ம்மே... ஏஏஏ..."

அந்தச் சத்தம் நான்கு ஒலிபெருக்கியிலும் வந்தது. பின்வரிசையில் கிராமத்திலிருந்து வந்திருந்த யாரோ ஒருவர் தன்னையறியாமல், "ப்பா ப்பா ப்பா" என்று ஆட்டைக் கூப்பிட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மிஸ் குனிந்து, "டயலாக், டயலாக்" என்றார். மகன் பார்வையாலேயே அவரை ஒதுக்கிவிட்டு, நான்கு காலில் நடந்து மரப்பெட்டியிடம் போய், ஆடு குனிவது போலவே குனிந்து முகத்தை உள்ளே விட்டான். பொம்மைக் குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்ந்தபோது வாயில் ஒரு கொடி இருந்தது. கொடியில் இரண்டு கடலைக்காய் தொங்கிக்கொண்டிருந்தன.

காயைக் கடித்து உடைத்துப் பருப்பைத் தின்றான். அதற்கு மட்டும் கையைப் பயன்படுத்தினான்.

மற்ற ஆடுகள் பார்த்தன. அழுதுகொண்டிருந்த இரண்டாவது ஆடு அழுகையை நிறுத்திவிட்டு வந்தது. முதலாவது, மூன்றாவது ஆடுகளும் வந்தன. தேவதைகளில் ஒருத்தி எட்டிப் பார்த்து, "ஏ, உள்ள நெறையக் கடலை இருக்கு!" என்று மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். அவ்வளவுதான். ராஜாக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பொன், தூபம், வெள்ளைப்போளம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டுத் தொட்டியில் விழுந்தார்கள். கண் தெரியாத ராஜாக்கள் கிரீடத்தைக் கழற்றி எறிந்தார்கள். ஒரு கிரீடம் உடைந்தது. யோசேப்பு பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து கடலை உரித்தான். மாதா மட்டும் கடைசிவரை பொறுமையாக இருந்தாள். பிறகு அவளும், "ஏலே, எனக்கு?" என்று கை நீட்டினாள்.

"சில்ட்ரன்! சில்ட்ரன்! டோன்ட் ஈட்!" என்று முதல்வர் மேடம் மைக்கில் கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ்கள் இரண்டு பேர் மேடை ஏறி ஒரு ராஜாவைப் பிடித்தால் இன்னொரு ராஜா நழுவினான்.

அப்போதுதான் திரைக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த கிறிஸ்துமஸ் தாத்தா பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். சிவப்பு அங்கிக்குக் கீழே காக்கிக் கால்சட்டை தெரிந்தது. தாடி ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தது.

"ஏலே! எல்லாரும் அவனவன் எடத்துல ஒக்காருங்கல!"

ராஜாக்களும் ஆடுகளும் தேவதைகளும் ஒரே நொடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பிஞ்சு முகங்களும் மரியாதையாக மேலே பார்த்தன.

"டிரைவர் அண்ணாச்சி!" என்று என் மகன் மகிழ்ச்சி பொங்கக் கூவினான். வடதுருவத்திலிருந்து நிஜமாகவே ஒருவர் வந்திருந்தால்கூட அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

மறுநாள் முதல்வர் அழைத்தார். இந்த முறை காத்திருக்க வைக்கவில்லை. மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"டிசிப்ளின் வேணும் மேடம். ராஜா பேரன்ட்ஸ் எல்லாம் ரொம்ப ஃபீல் பண்ணுதாங்க. ஒரு கிரீடம் உடைஞ்சிருச்சு. உங்க பையன்தான் ஸ்டார்ட் பண்ணினது."

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆட்டை ஆடாக இருக்கச் சொன்னது நீங்கள்தானே? கடலைக்கொடியைக் கொண்டுவந்தது அவனா? ஐந்து ராஜா எந்த வேதத்தில் இருக்கிறது? எல்லாவற்றையும் வழியிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"சாரி மேடம்" என்றேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம், "நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன். அந்தம்மாவுக்குப் பேச்சே வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மகன் தலை நிமிர்ந்தான்.

"இல்லப்பா. அம்மா சாரி மேடம்னாவ. ரெண்டு தடவ."

கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் பக்கத்து வீட்டு டீச்சர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இலையில் பிரியாணி. தூக்கலாக மணம். கணவர் என் காதருகே குனிந்து, "மட்டன்னு சொல்லிராத. பிள்ள மூணு வாரமா ஆடா இருந்திருக்கான். அழுதுருவான்" என்று கிசுகிசுத்தார். நானும் கலங்கிப்போனேன். குழந்தை மனது புண்படாமல் இதை எப்படிச் சமாளிப்பது என்று இரண்டு படித்த பெரியவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். கோழி என்று சொல்லிவிடலாம் என்று முடிவும் செய்தோம்.

மகன் ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"இது ஆட்டுக்கறிதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "ஆமால, வேம்பூர் ஆடு" என்றுவிட்டார்கள்.

"நெஞ்செலும்பு இருந்தா எனக்கு வைங்க" என்றான்.

டீச்சர் தேடி எடுத்து இரண்டு வைத்தார்கள். அவன் ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டே, தொழுவத்துக்கு வந்த ராஜாக்களுக்கும் அன்றைக்குச் சாப்பாடு போட்டார்களா என்று கேட்டான்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தவியள வெறும் வயித்தோடயா அனுப்புவாவ?" என்றார்கள் டீச்சர்.

அந்தப் பதில் அவனுக்குத் திருப்தியாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.